புது நாட்டில் இணைய இணைப்பு: கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம்

டொரண்டோவுக்குப் படிக்க வந்து மூன்று நாள்கூட ஆகாத தென்காசிப் பையன் ஒருவன், ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, ஊர்ல 399 ரூபாய்க்கு வீட்டுக்கே ஃபைபர் வருது. இங்க 60 டாலர்ங்கிறாங்க. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல வருதே!" என்றான். முகத்தில் உண்மையான அதிர்ச்சி.

சிங்கப்பூரில் வந்து இறங்கிய வாரம் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அப்புறம் அங்கிருந்து கனடாவுக்கு மாறினேன். லண்டனுக்கும் துபாய்க்கும் போன உறவினர்களுக்கு இணைப்பு தேர்ந்தெடுக்க உதவினேன். ஒன்று நன்றாகப் புரிந்தது. விளம்பரத்தில் இருக்கும் விலையை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதில் தொடங்கினால் கடைசிவரை தப்பாகத்தான் போகும். உங்கள் முகவரிக்கு எந்தக் கம்பி வருகிறது, ஒப்பந்தம் முடியும்வரை மொத்தம் எவ்வளவு கொடுப்பீர்கள், இரவு ஒன்பது மணிக்கு உங்கள் அறையில் எவ்வளவு வேகம் கிடைக்கிறது: இந்த மூன்றும் தெரிந்தால் எந்த நாட்டையும் எந்த நாட்டோடும் ஒப்பிடலாம். நான் அந்தப் பையனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அளவை முதலில் சரிசெய்யுங்கள்

விளம்பரங்களில் வேகம் எம்பிபிஎஸ் கணக்கில் இருக்கும். அது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. நாம் இறக்கும் படமோ கோப்போ மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். 1 ஜிபி கோப்பு இறங்க ஏறக்குறைய 80 நொடி ஆகும். "நூறுன்னு சொன்னாங்க, பன்னிரண்டுதான் வருது" என்று சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று சொல்கிறது. தெளிவான காணொளி அழைப்புக்கு ஒரு ஆளுக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ், மேலே போகவும் (அப்லோடு) கீழே வரவும் (டவுன்லோடு). நாலு பேர் இருக்கும் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய காணொளிக் கோப்புகளைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 1 ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகம் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. விற்க வருகிறவர் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

மொத்தச் செலவு

ஒவ்வொரு நாட்டு விலைப்பலகையும் ஒவ்வொரு மாதிரி. இந்தியாவில் மொபைல் ரீசார்ஜ் விலைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கிவிடும். வீட்டு ஃபைபர் திட்டத்தின் விலை வரிக்கு முன்னால் சொல்லப்படுவது. ஆகவே ஜியோஃபைபரின் 30 எம்பிபிஎஸ் திட்டம் 399 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 471 ரூபாய். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் விலையில் வரி சேர்ந்தே இருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் 60 டாலர் என்று எழுதியிருந்தால் 13 சதவீத வரியோடு 67 டாலர் 80 சென்ட்.

மாதம் என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். இந்தியாவில் பல மொபைல் திட்டங்கள் 28 நாள்தான். 299 ரூபாய் ரீசார்ஜை வருடத்துக்கு 12 முறை என்று கணக்குப் போட்டால் 3,588. உண்மையில் 13 முறை போட வேண்டும், அதாவது 3,887. மாதத்துக்கு 324 ரூபாய் ஆகிறது. வெளிநாட்டு மாதக் கட்டணத்தோடு ஒப்பிட இந்த 324-ஐத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது ஒரு தாளை எடுத்து இப்படி எழுதுங்கள்: சலுகை விலை எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன விலை, ஒப்பந்தம் எத்தனை மாதம், இணைப்புக் கட்டணம், ரூட்டர் வாடகை, நடுவில் விலகினால் அபராதம். எல்லாவற்றையும் கூட்டி, ஒப்பந்த மாதங்களால் வகுங்கள். அந்த எண்தான் உங்கள் உண்மையான மாதக் கட்டணம். இந்தக் கணக்கைப் போடாமல் நான் ஒரு முறை 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். சலுகை 12 மாதத்துக்கு மட்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பதிமூன்றாவது மாத பில் 25 டாலர் கூடி வந்தபோது தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசியும், விலகினால் அபராதம் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மீதி மாதங்களுக்கு 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தேன். புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகை.

பிரிட்டனில் இந்தத் தொல்லை முன்பு இன்னும் மோசம். ஒப்பந்தத்துக்கு நடுவிலேயே பணவீக்கத்தைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். எவ்வளவு ஏறும் என்று கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரி 17 முதல் அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதைத் தடுத்துவிட்டது. புது ஒப்பந்தங்களில் விலை ஏறுமென்றால் எப்போது, எத்தனை பவுண்டு என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆக, லண்டனில் இருப்பவர்கள் "எப்ப ஏறும், எவ்வளவு ஏறும்" என்று கேட்பது உரிமை. ஜெர்மனியில் 24 மாத ஒப்பந்தம் சாதாரணம். ஆனால் 2021 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, முதல் காலம் முடிந்ததும் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். அமெரிக்காவில் 2024 முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும், உணவுப் பொட்டலத்தில் ஊட்டச்சத்து அட்டவணை இருப்பதுபோல, விலை, வேகம், டேட்டா வரம்பு எல்லாம் எழுதிய ஒரு அட்டையைக் காட்டியாக வேண்டும். அங்கே போகிறவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டு அந்த அட்டையை மட்டும் பார்த்தால் போதும்.

சரி, ரூபாயில் மாற்றக்கூடாது என்றால் எதில் மாற்றுவது? வேலை நேரத்தில். ஒன்டாரியோவில் 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட். 67.80 டாலர் பில் என்பது நாலு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான வேலை. ஊரில் நாள் கூலி 600 ரூபாய், வேலை எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 471 ரூபாய் பில் ஆறு மணி நேரத்துக்கு மேலான உழைப்பு. பையன் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எங்க அப்பாவுக்குத்தான் அண்ணே நெட்டு செலவு ஜாஸ்தி" என்றான். நாடுகளை ஒப்பிடும் ஐநா அமைப்புகளும் இப்படித்தான் பார்க்கின்றன: அடிப்படை இணைய இணைப்பின் விலை, ஒரு நாட்டின் தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் இலக்கு.

முகவரிக்கு என்ன கம்பி வருகிறது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பதற்கு முன் "என் கட்டடத்துக்குள் என்ன வருகிறது?" என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பரின் அனுபவம்கூட உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சிங்கப்பூரில் இது எளிது. வீடுகளுக்குப் போகும் ஃபைபர் முழுவதும் நெட்லிங்க் என்ற ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா, வியூக்வெஸ்ட் எல்லாரும் அதே கண்ணாடி இழையை வாடகைக்கு எடுத்துத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். அதனால் எச்டிபி என்ற அரசு வீட்டுவசதி அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர் கம்பெனி பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் வருவது ரூட்டரிலும், வெளிநாட்டுத் தொடர்பிலும், பழுது என்று கூப்பிட்டால் யார் சீக்கிரம் எடுக்கிறார்கள் என்பதிலும்தான். வாடகை வீட்டுக்குப் போகும்போது ஃபைபர் வந்து முடியும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது உள்ளறைக் கட்டிலுக்குப் பின்னால் இருந்தால் ரூட்டரும் அங்கேதான் போகும்.

பிரிட்டனில் பிடி (BT) நிறுவனத்தின் கிளையான ஓப்பன்ரீச்சிடம் இருக்கும் கம்பியைத்தான் பிடி, ஸ்கை, டாக்டாக் போன்ற பலர் பயன்படுத்துகிறார்கள். வர்ஜின் மீடியாவுக்குத் தனிக் கம்பி. சிட்டிஃபைபர், ஹைப்பர்ஆப்டிக் என்று இன்னும் சில உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது ஃபைபர் என்ற சொல்லையே. தெருமுனைப் பெட்டிவரை ஃபைபர், அங்கிருந்து வீடுவரை பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி என்றாலும் ஃபைபர் என்றுதான் விற்றார்கள். அதன் உச்சமே 80 எம்பிபிஎஸ்தான். பெட்டியிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் இறங்கும். "வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வருமா, இல்லை கடைசித் துண்டு செம்பா?" என்று நேராகக் கேட்டு வாங்குங்கள்.

கனடாவில் பெரும்பாலான நகரங்களில் இரண்டு கம்பிகள்தான்: ஒன்று ராஜர்ஸ் போன்ற கேபிள் நிறுவனத்தின் கம்பி, இன்னொன்று பெல் அல்லது டெலஸின் தொலைபேசி அல்லது ஃபைபர் கம்பி. சிறிய நிறுவனங்கள் இவற்றில் ஒன்றை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு விற்கின்றன. கேபிள் கம்பியில் கீழே இறங்கும் வேகம் பெரிதாகவும் மேலே ஏறும் வேகம் சிறிதாகவும் இருக்கும். ஊருக்குக் காணொளி அழைப்பில் பேச உங்கள் முகம் போய்ச்சேர வேண்டியது அந்தச் சிறிய எண்ணில்தான். ஆகவே அப்லோடு வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

ஸ்கார்பரோவில் புதிதாக வருகிறவர்கள் பலர் தங்குவது வீட்டின் கீழ்த்தளத்தில். இணையம் வாடகையில் சேர்த்தியா என்று முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பல இடங்களில் சேர்த்திதான். அந்தப் பையன் கேட்டிருக்கவில்லை. நான் போன் செய்து கேட்கச் சொன்னேன். இருந்தது. ஆனால் மேல்தளத்தில் இருந்த ரூட்டரின் வைஃபை கீழே வரும்போது நைந்துபோயிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டு, வைஃபை சிக்னலை நீட்டித்துத் தரும் ஒரு ரிப்பீட்டரைப் படிக்கட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டான். 24 மாத ஒப்பந்தம் தப்பியது.

ஆஸ்திரேலியாவில் என்பிஎன் என்ற பொது வலையமைப்பு. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் எல்லாம் அதை விற்பவர்கள். அமீரகத்தில் இரண்டே நிறுவனங்கள், எடிசலாட்டும் டூவும். பேரம் பேச அங்கே அதிக இடமில்லை. இலங்கையில் வீட்டு இணைப்பையும் பலர் ஜிபி கணக்கில்தான் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமி மாதக் கடைசியில் அழைப்பை எடுக்கவில்லையென்றால் டேட்டா முடிந்திருக்கலாம். தமிழ்நாட்டில் தெருக் கேபிள்காரரிடமே கேட்பதுதான் இன்றைக்கும் சிறந்த வழி. எந்தத் தெருவில் எந்தக் கம்பெனியின் இழை ஓடுகிறது, எது மழைக்கு அறுந்துபோகிறது என்று அவருக்குத் தெரியும்.

இரவு ஒன்பது மணிக்கு அளங்கள்

இணைய வேகத்தை அளக்கும் ஊக்லா நிறுவனம் மாதாமாதம் நாடுகளை வேகப்படி வரிசைப்படுத்துகிறது. வீட்டு இணைப்பில் சிங்கப்பூரும் மொபைலில் அமீரகமும் உச்சியில் இருந்து வந்திருக்கின்றன. இந்தியாவும் 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு மொபைல் வரிசையில் வேகமாக மேலேறியது. இந்தப் பட்டியலைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அதில் இருப்பது நடு எண்: பாதிச் சோதனைகள் அதற்கு மேலே, பாதி கீழே. நாட்டின் வேகம் தெரியும்; உங்கள் அறையின் வேகம் தெரியாது.

உங்கள் அறையை நீங்கள்தான் அளக்க வேண்டும். கூட்டம் குறைந்த காலை ஐந்து மணிக்கு எல்லா இணைப்பும் நன்றாகத்தான் ஓடும். அண்டை வீடுகளில் எல்லாரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் அளங்கள். பிரிட்டனில் விளம்பரத்தில் சொல்லும் சராசரி வேகம், இரவு 8 முதல் 10 மணிவரை குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும் என்று 2018 முதல் விதி. ஆஸ்திரேலியாவில் மாலை 7 முதல் 11 வரை வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தை நிறுவனங்கள் சொல்கின்றன. இந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். "அதிகபட்சம் இவ்வளவு வரை" என்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அளக்கும்போது முதல் முறை மடிக்கணினியை ஒரு கம்பியால் ரூட்டரோடு நேராக இணைத்து அளங்கள். அடுத்து நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைஃபையில். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருந்தால் குறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனியை மாற்றிப் பயனில்லை. இரண்டுமே மோசமென்றால் மூன்று நாள் தேதி, நேரத்தோடு படம்பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஜெர்மனியில் அரசுத் துறையின் அளவிடும் கருவியில் பதிவுசெய்து, சொன்ன வேகம் வரவில்லை என்று நிரூபித்தால் கட்டணத்தைக் குறைக்கவோ விலகவோ சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் மைஸ்பீடு என்ற வேகம் அளக்கும் செயலி இருக்கிறது.

மொபைல்

முதல் மாதம் ப்ரீபெய்டு சிம் மட்டும் எடுங்கள். வேலையிடம், வீடு, நடுவில் போகும் பேருந்து அல்லது ரயில் பாதை மூன்றிலும் சிக்னல் எப்படி என்று தெரிந்த பிறகு மாதத் திட்டத்துக்குப் போகலாம். விமான நிலையக் கடையில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

ஒரே நிறுவனம் பல பெயரில் விற்கும். கனடாவில் ஃபிடோ ராஜர்ஸுடையது, கூடோ டெலஸுடையது, வர்ஜின் பிளஸ் பெல்லுடையது. தாய் நிறுவனத்தின் கோபுரங்கள்தான், விலை குறைவு. பிரிட்டனில் கிஃப்காஃப் ஓ2 (O2) நிறுவனத்தின் வலையில் ஓடுகிறது, லெபாரா வோடஃபோன் வலையில். இப்படிப்பட்ட பெயர்களைத்தான் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஊரிலிருந்து கொண்டுவரும் போனையும் சோதித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் பயன்படும் 12, 13, 66 போன்ற அலைவரிசைப் பட்டைகள் இந்தியாவில் விற்கும் சில மாடல்களில் இருக்காது. வெளியே நன்றாக எடுக்கும் போன் கட்டடத்துக்குள் போனதும் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். போனின் மாடல் எண்ணை வைத்து பட்டைகளைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். அமெரிக்காவில் விற்ற ஐஃபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் மட்டும்தான். அங்கிருந்து தம்பிக்கு ஊருக்கு வாங்கி அனுப்பும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் போன்களை ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் ஏற்கும்படி பூட்டாமல்தான் விற்க வேண்டும்; யாராவது பூட்டைத் திறக்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்திய எண்ணை விட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண் பறிபோகலாம். டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டதால், இப்போது அப்படிப்பட்ட நீண்ட காலத் திட்டங்கள் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதுவே சரி.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. எத்தனை வேகமான இணைப்பு எடுத்தாலும் போகாது, ஏனென்றால் அது அங்கே அனுமதிக்கப்பட்ட அழைப்புச் சேவை இல்லை. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை வீட்டில் இருப்பவர்களின் போனிலும் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அறைத்தோழர்கள் இந்தத் தடையைச் சுற்றிப் போக விபிஎன் என்ற செயலியைச் சொல்லித்தருவார்கள். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம், வேண்டாம்.

ஊருக்குப் பேசும்போது

தூரத்தை எந்தத் திட்டமும் குறைக்காது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லிருந்து இருக்கும் ஐ2ஐ கடலடிக் கம்பி ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. டொரண்டோவிலிருந்து சென்னை நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கம்பிகள் சுற்றி வருவதால் 200 மில்லிநொடியைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் இருந்தபோது அம்மாவோடு பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோல இருந்தது. இங்கே வந்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவோம்.

அது பழகிவிட்டது. ஆனால் படம் உறைந்துபோவது பழகவில்லை. இங்கே இணைப்பு போதவில்லை என்று நினைத்து 1 ஜிகாபிட் திட்டத்துக்கு மாறினேன். அப்போதும் அம்மாவின் முகம் பாதிப் பேச்சில் நின்றுவிடும். கடைசியில் தம்பியை விட்டு அந்தப் பக்கத்தில் வேகத்தை அளக்கச் சொன்னேன். ரூட்டருக்குப் பக்கத்தில் 28. அம்மா உட்கார்ந்து பேசும் அடுப்படி முற்றத்தில் 2. இணைப்புக் கொடுக்க வந்தவர் ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் அழகாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வைஃபை அலை இரும்பைத் தாண்டாது. கேபிள்காரரைக் கூப்பிட்டு இழையைப் பத்து மீட்டர் நீட்டி, ரூட்டரை நடைக்கதவுக்கு மேலே மாற்றினோம். அரை மணி நேர வேலை, 400 ரூபாய். முற்றத்தில் 24 காட்டியது.

நீங்களும் வேகம் அளக்கும்போது இரண்டு வீட்டிலும் அளங்கள். டொரண்டோவில் எடுத்த 1 ஜிகாபிட் இணைப்பை அடுத்த மாதமே 150-க்கு இறக்கிக்கொண்டேன்.